குடலிறக்க அறுவைக்குப் பின் வாழ்க்கைத்தரம்: இருக்கன்குடி – சிவகாசி வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

வயிற்றுச்சுவர்க் குடலிறக்கத்திற்கான அறுவை மருத்துவத்தின் வெற்றி நெடுங்காலம் 'மீண்டும் இறங்கியதா, இல்லையா' என்னும் ஒரே வினாவால் அளக்கப்பட்டது. செயற்கை வலை வழக்குக்கு வந்து மறுஇறக்கம் குறைந்தபின், நாட்பட்ட வலி, உடலியக்கத் தடை, வேலைக்குத் திரும்பும் காலம் ஆகியவை முதன்மை பெற்றன. அவற்றை அளப்பதற்கு மேலைநாடுகளில் உருவான வினாநிரல்கள், தரையில் அமர்ந்து உழைக்கும் விருதுநகர் மாவட்டத் தொழிலாளர் ஒருவரின் உடலை எந்த அளவுக்கு அறிகின்றன என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. அவ்வினாக்களைத் தமிழாக்குவது மட்டும் போதாது. இவ்வட்டாரத்தின் உழைப்பையும் வழிபாட்டையும் கருத்தில்கொண்டு அவற்றை மீள உருவாக்க வேண்டும் என்பது இதன் துணிபு.

திறவுச்சொற்கள்: குடலிறக்கம், செயற்கை வலை, நாட்பட்ட வலி, வாழ்க்கைத்தரம், வினாநிரல், பட்டாசுத் தொழில், இருக்கன்குடி.

முன்னுரை

விருதுநகர் மாவட்டம் சாத்தூரை அடுத்து, அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடும் இடத்தில் அமைந்தது இருக்கன்குடி. அங்குள்ள மாரியம்மன் கோயிலுக்கு ஆடி மாதத்துக் கடைசி வெள்ளியன்று சிவகாசி, விருதுநகர், தூத்துக்குடிப் பகுதிகளிலிருந்து மக்கள் நடந்தே வருகின்றனர். அக்கினிச்சட்டி எடுத்தல், உருண்டு கொடுத்தல், முடி இறக்குதல் என இங்குச் செலுத்தப்படும் நேர்த்திக்கடன்கள் பெரும்பாலும் உடலால் செய்யப்படுவன. மாரியம்மன் கோயில்களில் வயிற்றுநோய் தீர வேண்டி நேரும் மாவிளக்கு இன்னும் வெளிப்படையானது. நேர்ந்தவர் மல்லாந்து படுக்க, வயிற்றின்மேல் வாழையிலை பரப்பி, அதன்மீது மாவிளக்கு ஏற்றப்படும்.

வேண்டுதல் நிறைவேறியது என்பதற்குச் சான்று, நோயுற்றவர் தம் உடலால் மீண்டும் ஒன்றைச் செய்ய முடிவதே. சாத்தூரிலிருந்து நடந்து வர முடிந்தது, பிரகாரத்தில் உருள முடிந்தது, சட்டி ஏந்தி நிற்க முடிந்தது என்பனவே இங்கு நலத்தின் அளவுகோல்கள். அறுவை மருத்துவம் இதே வகையான அளவுகோலை ஏற்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அதை ஏற்றபின்னும் அதன் வினாப்பட்டியலில் உருளுதலுக்கோ சட்டி ஏந்துதலுக்கோ இடமில்லை.

சொல்லும் நோயும்

வயிற்றுச்சுவரின் தசையிலோ தசையுறையிலோ உள்ள ஒரு நலிந்த இடத்தின் வழியே, வயிற்றின் உள்ளுறை பை போலப் பிதுங்கி, அதனுள் குடலோ கொழுப்போ இறங்குவது குடலிறக்கம். கவட்டையில் தோன்றுவதே மிகுதி. தொடைமேற்பகுதி, தொப்புள், முந்தைய அறுவையின் தழும்பு ஆகியவற்றின் வழியேயும் இறங்கலாம்.

மக்கள் வழக்கில் இதற்கு ஒரு சொல் இல்லை. பல சொற்கள் உண்டு. 'அண்டவாதம்', 'ஓதம்' என்னும் பழஞ்சொற்கள் விரைப்பை வீக்கம் அனைத்தையும் ஒன்றாகவே சுட்டின. விரையைச் சூழ்ந்து நீர் கட்டுவதும் விரைப்பைக்குள் குடல் இறங்குவதும் வெளித்தோற்றத்தில் ஒத்திருப்பதே இதற்குக் காரணம். மருத்துவமனை வழியே வந்த 'ஹெர்னியா' என்னும் சொல் பேச்சில் 'ஹிரண்யா' என்றும் 'எரணியா' என்றும் திரிந்தது. வயிறு கிழிக்கப்பட்ட புராண அரசனின் பெயரோடு அது ஒத்துப்போனது தற்செயலாகலாம். ஆயினும் அறுவை பற்றிய அச்சத்துக்கு அப்பெயர் பொருந்தியே நிற்கிறது.

சிக்கலைக் கூட்டும் மற்றொரு சொல் 'குடலேற்றம்'. குழந்தை தவறி விழுந்தபின் வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால் குடல் ஏறிவிட்டதென்று கூறி, எண்ணெய் தடவி நீவிவிடுவது நாட்டு வழக்கம். குடலிறக்கத்திற்கும் குடலேற்றத்திற்கும் மருத்துவ நிலையில் தொடர்பில்லை. ஆனால் ஏறிய குடலை நீவி இறக்கலாமெனில், இறங்கிய குடலையும் நீவி ஏற்றலாம் என்னும் எதிர்பார்ப்பு சொல்லமைப்பிலேயே பொதிந்துள்ளது. வலியில்லாத, படுத்தவுடன் தானே உள்ளே செல்லும் வீக்கத்தில் இந்த எதிர்பார்ப்பு பெருந்தீங்கு விளைவிப்பதில்லை. கடினமாகி, உள்ளே செல்லாமல், வலியும் வாந்தியும் தரும் வீக்கத்தை நீவிக்கொண்டு காலம் கடத்தினால், நெரிபட்ட குடல் இரத்தமின்றி அழுகும்.

அறுவை மருத்துவத்தைத் தமிழில் எழுதும் முயற்சி புதியதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிரீனின் முயற்சியால் 'இரண வைத்தியம்' என்னும் தமிழாக்க நூல் 1867இல் வெளிவந்தது. கவட்டைக் குடலிறக்கத்துக்கான நவீன அறுவை முறையை இத்தாலியரான எதுவார்தோ பசினி 1887இல் வெளியிடுவதற்கு 20 ஆண்டுகள் முந்தைய நூல் அது. அறுப்பதைப் பற்றித் தமிழில் எழுதுவது அவ்வளவு முன்னரே தொடங்கிற்று. அறுக்கப்பட்டவரின் பின்னாளைய வாழ்வைப் பற்றிய எழுத்து அந்த அளவுக்கு வளரவில்லை.

காத்திருத்தலும் அறுவையும்

வாழ்நாளில் ஒருமுறையேனும் கவட்டைக் குடலிறக்கம் ஏற்படும் வாய்ப்பு ஆண்களுக்கு ஏறத்தாழ 27 விழுக்காடு, பெண்களுக்கு 3 விழுக்காடு என இங்கிலாந்துத் தரவுகள் காட்டின. வீக்கம் கண்ட அனைவரும் உடனே அறுவைக்கு உட்பட வேண்டுமா என்பது நியாயமான வினா. 2006இல் அமெரிக்காவில் பிட்ஸ்கிப்பன்சும் பிறரும் வெளியிட்ட ஆய்வில், தொல்லை மிகக் குறைவாக உள்ள 720 ஆண்கள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் அறுவை பெற, மற்றவர் கண்காணிப்பில் இருந்தனர். குடல் திடீரென நெரிபடுதல் 1000 நோயாளர் ஆண்டுக்கு 1.8 என்ற அளவிலேயே நிகழ்ந்தது. எனவே காத்திருத்தல் ஆபத்தற்றது என்பது நிலைநாட்டப்பட்டது. ஆனால் கண்காணிப்பில் இருந்தோரில் 23 விழுக்காட்டினர் 2 ஆண்டுகளுக்குள் அறுவைக்கு மாறினர். 10 ஆண்டுகளில் அது 68 விழுக்காடாயிற்று. மாறியதற்குப் பெரிதும் வலியே காரணம்.

இம்முடிவை இவ்வட்டாரத்திற்குக் கொண்டுவருவதில் கவனம் தேவை. அந்த ஆய்வில் காத்திருந்தவர் வீக்கம் இறுகினால் எங்குச் செல்ல வேண்டும் என்பதை அறிந்தவர். ஆய்வுக்குழுவின் கண்காணிப்பில் இருந்தவர். காத்திருத்தலின் பாதுகாப்பு அந்த ஏற்பாட்டையும் சேர்த்தது. சுவீடன் நாட்டுப் பதிவேட்டின் அடிப்படையில் 2007இல் வெளியான ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. திட்டமிட்ட அறுவைக்குப் பின் இறப்பு பொதுமக்களின் இறப்பு வீதத்தை விஞ்சவில்லை. அவசர அறுவைக்குப் பின் அது 7 மடங்கு. குடலின் ஒரு பகுதியை வெட்டி நீக்க நேர்ந்தபோது 20 மடங்கு. மேலும், காத்திருக்கும் அறிவுரை ஆண்களுக்கே உரியது. பெண்களின் தொடைவழிக் குடலிறக்கம் எளிதில் நெரிபடும் இயல்பினது. நாணத்தால் மறைக்கப்படுவதும் அதுவே.

வலையின் வரவு

பசினி முறையில் தசை விளிம்புகள் இழுத்துத் தைக்கப்பட்டன. இழுவிசை மிகுந்த தையல் நாளடைவில் தளர்ந்தது. 1980களில் இர்விங் லிக்டென்ஸ்டீன், விளிம்புகளை இழுக்காமல் நலிந்த பரப்பின்மீது பாலிபுரொப்பிலின் வலையை இட்டுத் தைக்கும் முறையைப் பரப்பினார். திசு அவ்வலையின் கண்களுக்குள் வளர்ந்து அதைச் சுவரின் ஒரு கூறாக்குகிறது. தழும்புவழிக் குடலிறக்கத்தில் வலையின் பயனை 2000இல் நெதர்லாந்து ஆய்வு தெளிவாக்கியது. முதன்முறைத் தழும்பிறக்கம் கண்டோரில் 3 ஆண்டுகளில் மறுஇறக்கம், தையல் மட்டும் இட்டவருக்கு 43 விழுக்காடு, வலை இட்டவருக்கு 24 விழுக்காடு. அதே நோயாளர் குழுவை 10 ஆண்டுகள் தொடர்ந்தபோது, ஒட்டுமொத்தமாக முறையே 63, 32 விழுக்காடு எனத் தெரியவந்தது. வலை பயன் தருகிறது. எனினும் மூவரில் ஒருவருக்கு அதுவும் தவறுகிறது என்பதை இவ்வெண்களே சொல்கின்றன. ஆண்டு ஒன்றின் நிறைவில் பதிவேட்டை மூடும் ஆய்வுகளை ஐயத்தோடு நோக்க வேண்டியதும் இதனாலேயே.

வலையின் விலை பற்றி இந்தியாவில் எழுந்த சிந்தனை உலக வரலாற்றில் இடம்பெற்றது. மகாராட்டிரத்தின் தொண்டைச்சா என்னும் சிற்றூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ரவீந்திரநாத் தோங்காவ்கர், கொசுவலைத் துணியை நுண்ணுயிர் நீக்கிப் பயன்படுத்தி, பிற மருத்துவர்களோடு சேர்ந்து அதன் விளைவுகளை 2003இல் வெளியிட்டார். 2016இல் உகாண்டாவில் 302 ஆண்களிடம் நடத்தப்பட்ட ஒப்பாய்வு இதனை உறுதிசெய்தது. ஓராண்டில் மலிவுவலை பெற்றோரில் ஒருவருக்கு மட்டுமே மறுஇறக்கம். வணிகவலை பெற்றோரில் எவருக்கும் இல்லை. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்கள் முறையே 30.8, 29.7 விழுக்காடு, வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. புணேயைச் சேர்ந்த மோகன் தேசர்தா 2001இல் வெளியிட்ட முறையோ வலையையே தவிர்த்து, நோயாளரின் சொந்தத் தசையுறைப் பட்டையைக் கொண்டு சுவரை வலுப்படுத்தியது. ஏழை நோயாளருக்கு அறுவையை எட்டச்செய்யும் முயற்சியில் சிற்றூர் மருத்துவருக்கும் பங்குண்டு என்பது இங்கு நோக்கத்தக்கது.

மறுஇறக்கம் அரிதானபோது மறைந்திருந்த ஒன்று வெளிப்பட்டது. கவட்டை அறுவை பெற்றோரில் 10 முதல் 12 விழுக்காட்டினருக்கு மூன்று மாதங்களுக்குப் பின்னும் வலி நீடிப்பதாக 2018இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் குறிப்பிடுகின்றன. அன்றாட வாழ்வையோ வேலையையோ முடக்கும் வலி 0.5 முதல் 6 விழுக்காடு வரை. அறுவை வெற்றி, வலையும் அதன் இடத்தில் உள்ளது, ஆனால் மனிதர் வேலைக்குப் போகவில்லை. 'வெற்றி' என்னும் சொல்லின் பொருள் இங்கேதான் மறுபரிசீலனைக்கு உள்ளாயிற்று.

வாழ்க்கைத்தரம் என்னும் அளவுகோல்

ஒருவர் தாம் வாழும் பண்பாடு, விழுமியங்கள் ஆகியவற்றின் சூழலில், தம் குறிக்கோள்களையும் எதிர்பார்ப்புகளையும் ஒட்டித் தம் நிலையைத் தாமே உணரும் விதம் என்ற கருத்தில் உலக நலவாழ்வு நிறுவனம் வாழ்க்கைத்தரத்தை வரையறுத்தது. அந்நிறுவனத்தின் வாழ்க்கைத்தர வினாநிரல் ஒரே நேரத்தில் 15 மையங்களில் உருவாக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று சென்னை. வாழ்க்கைத்தரத்தை வினவும் மொழிகளுள் ஒன்றாகத் தமிழ் தொடக்கத்திலேயே இருந்தது என்பதைத் தமிழாய்வுலகம் போதிய அளவு கவனிக்கவில்லை.

ஆனால் அது எல்லா நோய்க்கும் பொதுவானது. குடலிறக்கத்துக்கெனத் தனி வினாநிரல்கள் பின்னர் எழுந்தன. அமெரிக்காவின் கரோலினாவில் உருவாகி 2008இல் வெளியான கரோலினா இதநிலை அளவுகோல் 23 வினாக்களைக் கொண்டது. படுத்தல், குனிதல், உட்கார்தல், அன்றாட வேலை, இருமல் அல்லது ஆழ்மூச்சு, நடத்தல், படியேறல், உடற்பயிற்சி என்னும் எட்டுச் செயல்களில் வலை உணரப்படுகிறதா, வலி உண்டா, இயக்கம் தடைப்படுகிறதா என அது வினவுகிறது. ஐரோப்பியக் குடலிறக்கப் பதிவேட்டின் வினாநிரல் 9 வினாக்களில் வலி, செயல்தடை, வயிற்றின் தோற்றம் பற்றிய மனக்குறை ஆகியவற்றை அளக்கிறது. இரண்டும் எளியவை, பயன்மிக்கவை. இடர்ப்பாடு அவை முன்கொள்ளும் உடலில் உள்ளது.

'உட்கார்தல்' என்னும் ஒரு வினா

'உட்காரும்போது வலிக்கிறதா' என்னும் வினாவை எடுத்துக்கொள்ளலாம். நாற்காலியில் அமர்பவருக்கு அது ஒரு வினா. தமிழில் அது குறைந்தது நான்கு வினாக்கள்: சம்மணமிட்டு அமர்தல், குத்தவைத்து அமர்தல், கால்நீட்டி அமர்தல், நாற்காலியில் அமர்தல். குத்தவைக்கும்போது தொடை வயிற்றோடு மடிந்து கவட்டை மிகுதியாக அழுத்தப்படுகிறது. கால்நீட்டி அமர்ந்து முன்குனியும்போது வயிற்றுச்சுவரின் தசைகள் தொடர்ந்து வேலை செய்கின்றன. பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களின் கைவேலைகளில் பல தரையில் அமர்ந்து மணிக்கணக்கில் செய்யப்படுவன. நாற்காலியில் ஒருமணி நேரம் வலியின்றி அமர்ந்தவர் வினாநிரலில் முழு மதிப்பெண் பெறுவார். மறுநாள் வேலைக்கூடத்தில் நண்பகல்வரை தாங்கமாட்டார்.

'உடற்பயிற்சி' என்னும் வினா இவ்வட்டாரத்துப் பெரும்பாலோருக்குப் பொருளற்றது. அதன் இடத்தில் தண்ணீர்க்குடத்தை இடுப்பில் ஏற்றுதல், சரக்குப் பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி வண்டியில் ஏற்றுதல், சிவகாசி அச்சகங்களில் தாள்கட்டுகளைச் சுமத்தல், கரிசல் காட்டில் குனிந்து களையெடுத்தல் ஆகியவற்றை வைக்க வேண்டும். இடுப்பில் குடம் ஏற்றுவது உடலை ஒருபுறமாகச் சாய்க்கும் செயல். அது குனிதலும் அன்று, தூக்குதலும் அன்று. படியேறுதல் பற்றிய வினாவைவிட இருக்கன்குடிக்கு நடந்துவர முடிந்ததா என்னும் வினா இவ்வட்டார மக்களுக்குத் தெளிவானது. உருண்டு கொடுத்தலில் வயிறு தரையில் அழுந்திப் புரள்கிறது. மீண்ட உடலுக்கு அதைவிடக் கடுமையான தேர்வு குறைவு. இவ்வாண்டு நேர்த்திக்கடன் செலுத்தினீர்களா, தள்ளிவைத்தீர்களா, வேறொருவர் உங்களுக்காகச் செலுத்தினாரா என்னும் வினாவுக்கு வரும் விடை, பத்துக்கு எத்தனை என்று கேட்டுப் பெறும் எண்ணைவிட நம்பத்தக்கதாக இருக்கக்கூடும்.

வலிக்குரிய சொற்கள்

வலியை எண்ணால் கேட்பது ஒப்பீட்டிற்கு உதவும். ஆனால் வலியின் வகையைக் காட்டாது. கவட்டைப் பகுதியில் மூன்று நரம்புகள் அறுவையின்போது சிக்கவோ சிதையவோ கூடும். நரம்பு சார்ந்த வலியின் இயல்புகள் எரிச்சல், மின்னல் போன்ற குத்தல், மரத்துப்போதல், துணி பட்டாலே கூசுதல் என்பன. தழும்புத் திசுவும் வலையும் சார்ந்த வலி பெரும்பாலும் மந்தமானது, அசைவோடு கூடுவது. இரண்டிற்கும் மருத்துவம் வேறு.

இந்த வேறுபாட்டைத் தமிழ் பேச்சுவழக்கு இயல்பாகவே செய்கிறது. 'சுரீர்' என்பதும் 'சுள்' என்பதும் 'காந்துது' என்பதும் 'மரமரன்னு இருக்கு' என்பதும் ஒருபுறம். 'இழுக்குது', 'கடுக்குது', 'கனக்குது', 'உளையுது' என்பன மறுபுறம். மொழிபெயர்ப்பாளர் இவை அனைத்தையும் 'வலி' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடும்போது, மருத்துவருக்குக் கிடைக்க வேண்டிய குறிப்பு வினாத்தாளிலேயே தொலைகிறது. நோயாளர் கூறிய சொல்லை அப்படியே எழுதிக்கொள்ள ஒரு வெற்றுக்கோடு விடுவது பெரிய சீர்திருத்தமன்று, ஆனால் பயனுள்ளது. வட்டார வழக்காய்வில் பயின்ற தமிழ்த்துறையினர் மருத்துவத்துறையினருக்கு உடனடியாக உதவக்கூடிய இடம் இதுவே.

சொல்லப்படாத வலியும் உண்டு. விந்துநாளம் அறுவைப் பகுதியின் ஊடே செல்வதால், உடலுறவின்போது வலி சிலருக்கு நேர்கிறது. 'ஆண்மை போய்விடும்' என்னும் அச்சம் அறுவையைத் தள்ளிப்போடச் செய்வதும் இதனோடு தொடர்புடையது. பலர் கூடியிருக்கும் புறநோயாளர் பிரிவில், குடும்பத்தார் உடனிருக்க, இதைக் கேட்டு விடை பெற இயலாது.

ஓய்வும் கூலியும்

கவட்டை அறுவைக்குப் பின், உடல் இடங்கொடுத்தவுடன் வழக்கமான செயல்களுக்குத் திரும்பலாம், தனித்தடை தேவையில்லை என்பது 2018ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின் பரிந்துரை. இங்கோ 'மூன்று மாதம் குனியாதே, ஆறு மாதம் தூக்காதே' என்னும் அறிவுரை ஊர்ப்பேச்சில் இன்றும் வலுவானது. வலையில்லாத காலத்துத் தையலுக்கு அது பொருந்தியிருக்கலாம். பெரிய தழும்புவழி இறக்கத்தைச் சீர்செய்தவருக்கு நீண்ட எச்சரிக்கை இன்றும் தேவை. எல்லா அறுவைக்கும் ஒரே கால அளவு கூறுவதே பிழை. எவ்வகை அறுவை, எவ்வகை வேலை என்பதை இணைத்துச் சொல்வதே முறை.

கால அளவு கூலியோடு பிணைந்தது. 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் அதன் இடத்தில் 2012 சனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் மருத்துவமனைச் செலவின் சுமையைக் குறைத்தன. 2022 சனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆனால் காப்பீடு அறுவையின் செலவை ஏற்கிறது. ஓய்வின் செலவை ஏற்பதில்லை. தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் உள்ளவருக்கு, உரிய நாள்கள் பங்களிப்புச் செலுத்தியிருந்தால், ஆண்டுக்கு 91 நாள்வரை கூலியில் 70 விழுக்காடு நோய்ப்படியாகக் கிடைக்கும். வீட்டிலிருந்து எண்ணிக்கைக் கூலிக்கு வேலை செய்பவரும் கரிசல் காட்டுக் கூலியாளும் அதற்கு வெளியே நிற்கின்றனர். வலியோடு முன்னதாகவே வேலைக்குத் திரும்புபவரும், மிகையான அச்சத்தால் தேவைக்கு மேல் வீட்டில் இருந்து கடன்படுபவரும் இப்பிரிவில்தான் காணப்படுவர். 'எத்தனை நாளில் வேலைக்குத் திரும்பினீர்கள்' என்னும் வினாவில் குறைந்த எண் எப்போதும் நல்ல விளைவைக் குறிப்பதில்லை. திரும்பியது உடல்நலத்தாலா, அடுப்பெரியாமையாலா என்பதை உடன் கேட்டாக வேண்டும்.

கேட்கும் காலம்

மேலைநாட்டு ஆய்வுகள் ஒரு மாதம், ஆறு மாதம், ஓராண்டு எனக் கால இடைவெளி வகுத்து வினவுகின்றன. உழைப்பு ஆண்டு முழுவதும் ஒரே சீராக உள்ள இடத்தில் இது பொருந்தும். பட்டாசு வட்டாரத்தில் உழைப்பு தீபாவளியைச் சுற்றி அமைந்தது. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வேலை உச்சத்தில் இருக்கும். பண்டிகை முடிந்ததும் தளரும். வேலை தளர்ந்த காலத்தில் அறுவைக்கு வருவதே தொழிலாளருக்கு வசதி. கார்த்திகையில் அறுவை பெற்றவரை ஒரு மாதம் கழித்துக் கேட்டால் மார்கழி. வேலை குறைவு, வலியும் குறைவாகவே பதியும். அவரையே ஆறு மாதம் கழித்து வைகாசியில் கேட்டால் வெயிலும் ஓரளவு வேலையும். ஓராண்டு கழித்துக் கேட்கும்போது மீண்டும் கார்த்திகை. பண்டிகை முடிந்து கை ஓய்ந்திருக்கும். ஆக, வகுத்த மூன்று வேளைகளும் அவருடைய உடல் மிகக் கடுமையாகச் சோதிக்கப்படும் மாதங்களைத் தவறவிடுகின்றன. ஆவணி, புரட்டாசியில் ஒருமுறை கூடுதலாகக் கேட்கும் ஏற்பாடு வேண்டும். அதற்குச் சற்று முன்னர் வரும் ஆடிக் கடைசி வெள்ளியில் அவர் இருக்கன்குடிக்கு நடந்து சென்றாரா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.